மைக்ரோவேவ் இல்லாமல் பாப்கார்ன்: ஒரே பாத்திரத்தில் பாதி கருகுவதும் பாதி பொரியாமல் கிடப்பதும் ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வீட்டில் மைக்ரோவேவ் இல்லை, ஆனால் மைக்ரோவேவுக்கென்றே விற்கும் பாப்கார்ன் பாக்கெட் ஒன்றைத் தெரியாமல் வாங்கிவிட்டீர்கள். அதைப் பிரித்து மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் கொட்டி, இறுக மூடி, பெரிய தீயில் வைத்தீர்கள். அடியில் கரி, நடுவில் பொரியாத மணிகள், மேலே பொரிந்து வந்தவையும் கடித்தால் ரப்பர்போல இழுபட்டன. பிறகு வெறும் மணிகளை வாங்கி எண்ணெயில் முயன்றும் பாதிதான் பொரிந்தது. மைக்ரோவேவ் வாங்கினால்தான் உண்டா, குக்கரில் வைத்தால் சரியாகிவிடுமா என்பது கேள்வியின் மேற்பரப்பு. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரே பாத்திரத்தில், ஒரே தீயில், சில மணிகள் கருகும் அளவுக்குச் சூடேறியும் வேறு சில மணிகள் அசையாமல் கிடப்பது எப்படி? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமே தெளியும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பொரித்த தானியத் தின்பண்டங்கள் செய்யும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். வந்திறங்கும் மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி மக்காச்சோளம் எடுத்து, அதன் ஈரத்தை அளந்து, பொரித்து, பொரியாமல் நின்ற மணிகளை எண்ணுவதுதான் அங்கே என் அன்றாட வேலையில் பெரும்பகுதி. எனவே மணியைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் அடுப்பையும் பாத்திரத்தையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதை ஊகம் என்றே கொள்ளுங்கள். இத்தனை நிமிடம் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், அது அவருடைய அடுப்புக்குப் பொருந்திய கணக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மைக்ரோவேவ் தேவையே இல்லை. பெரு நாட்டின் வட கடற்கரையில் பரேடோனஸ், உவாக்கா பிரியெட்டா என்னும் அகழ்வு இடங்களில் ஏறத்தாழ 6700 ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்காச்சோளக் கதிர் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன; அக்கால மக்கள் அதைப் பொரித்தும் உண்டார்கள் என்பதற்கு அவை சான்று. எண்ணெயில் பொரிக்கும் இயந்திரத்தைச் சார்லஸ் க்ரெட்டர்ஸ் என்பவர் சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டு வந்தது 1893-இல். மைக்ரோவேவில் உணவைச் சூடாக்கும் முறைக்குப் பெர்சி ஸ்பென்சர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1945-இல்தான். அடுப்பும் மூடியும் வைத்துப் பொரிப்பதே மூல முறை. மைக்ரோவேவ் பாக்கெட் அதற்கு வந்த குறுக்கு வழி.

இனி மணிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பாப்கார்னுக்கான மக்காச்சோளம் ஒரு தனி வகை. அதன் தோல் கடினமானது, நீராவியை எளிதில் கசியவிடாதது. உள்ளே கண்ணாடிபோல இறுகிய மாவுச்சத்து நிறைந்திருக்கும். அந்த மாவுச்சத்துக்குள் சிறிது நீர் இருக்கும். ஒரு மணியின் எடை சராசரியாக 0.15 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் உள்ள நீர் 20 மில்லிகிராம் அளவு, அதாவது அரைத் துளி. சூடேறும்போது இந்த அரைத் துளி நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அழுத்தத்தை ஏற்றுகிறது. சுற்றியுள்ள மாவுச்சத்து அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் இளகிக் கூழாகிறது. மணியின் வெப்பம் 180 டிகிரி செல்சியஸை எட்டும்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல ஒன்பது, பத்து மடங்காகிவிடும். ஒரு காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்றோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கும் மேல். அந்த நிலையில் தோல் கிழிகிறது. அழுத்தம் ஒரே நொடியில் விடுபட, நீர் ஆவியாகிப் பாய்கிறது. கூழ் நுரைபோலப் பொங்கி, பொங்கிய வேகத்திலேயே குளிர்ந்து இறுகிவிடுகிறது. நாம் வாயில் போடுவது அந்த இறுகிய நுரையைத்தான். வேறு மக்காச்சோள வகைகளில் தோல் இந்த அழுத்தத்தைத் தாங்காது, அல்லது உள்ளே மாவு மென்மையாக இருக்கும். அவற்றை எந்த அடுப்பில் வைத்தாலும் வறுபடுமே தவிர மலராது.

இந்த 180 என்ற எண் வாய்ப்பேச்சாக வந்ததன்று. எம்மானுவேல் விரோ, அலெக்சாண்டர் பொனொமரென்கோ என்னும் இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மணிகளை வெப்பத்தைப் படிப்படியாகப் பத்துப் பத்து டிகிரி கூட்டிச் சோதித்தார்கள். 170 டிகிரியில் 34 விழுக்காடு மணிகள்தான் பொரிந்தன; 180 டிகிரியில் 96 விழுக்காடு பொரிந்தன. பத்து டிகிரி வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய முழுமை என்று மாறிவிடுகிறது. உங்கள் மெல்லிய பாத்திரத்தின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையே பத்து டிகிரி அல்ல, ஐம்பது டிகிரி வேறுபாடு இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். நடுவில் தீ நேராகப் படும் இடத்தில் பொரிந்த பூ அங்கேயே தங்கிக் கருகுகிறது. ஓரத்தில் கிடக்கும் மணி 160-ஐத் தாண்டாமல் சும்மா வெந்துகொண்டிருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பாதி விடை இது.

மறுபாதி விடை ஈரத்தில் இருக்கிறது, என் அனுபவத்தில் வீட்டில் பொரிப்பவர்கள் கடைசியாக நினைத்துப் பார்ப்பதும் இதைத்தான். பொரிப்பதற்கு ஏற்ற ஈரப்பதம் 13.5 முதல் 14.5 விழுக்காடு. அதற்குக் கீழே இறங்க இறங்க, தோல் கிழியும் அளவுக்கு அழுத்தம் எழாமல் போகிறது. மணி 180-ஐ எட்டும், 200-ஐயும் தாண்டும், நிறம் மாறும், கருகும். வெடிக்க மட்டும் செய்யாது. திறந்த பொட்டலத்தில், அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில், சில மாதங்கள் கிடந்த மணிகளில் இதுதான் நடந்திருக்கும். ஈரம் அதிகமானாலும் கெடுதிதான்: தோல் பலவீனப்பட்டு முன்கூட்டியே கிழியும், பூ சிறுத்து, கெட்டியாக, பல்லில் ஒட்டும்படி வரும். தோலில் கீறல் விழுந்த மணியும், கதிரில் ஒட்டியிருந்த காம்பு முனை சிதைந்த மணியும் ஈரம் சரியாக இருந்தாலும் பொரியா. நீராவி அந்த வழியே முன்னதாகவே கசிந்துவிடும். அவற்றுக்கு மருந்து கிடையாது.

காய்ந்த மணிகளுக்கு மருந்து உண்டு. ஆனால் ஊறவைப்பது அந்த மருந்தன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ந்துபோன ஒரு கிலோ மணிகளை வீட்டில் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, துணியில் துடைத்து எண்ணெயில் போட்டேன். எண்ணெய் சீறித் தெறித்தது. கையில் நான்கைந்து இடங்களில் கொப்புளம். பாத்திரத்தில் மிஞ்சியது பாதி வாய் திறந்த, அவித்த கடலைபோன்ற உருண்டைகள். சரியான வழி பொறுமையைக் கேட்பது. அரைக் கிலோ மணிகளை, கால் பங்கு வெற்றிடம் இருக்கும்படி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஒரே ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அதாவது 15 மில்லி, விட்டு இறுக மூடுங்கள். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள். தோலின் மேல் தெரியும் ஈரம் மறைந்த பிறகு ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். மூன்று நாள் கழித்து ஒரு பிடி பொரித்துப் பாருங்கள். 11.5 விழுக்காட்டில் இருந்த மணி இந்த அளவு நீரில் 14-க்கு வந்துவிடும் என்பது எளிய கணக்கு. உங்கள் மணி எந்த அளவில் இருக்கிறது என்பது பொரித்தால்தான் தெரியும். முன்னைவிட நன்றாகப் பொரிந்தும் இன்னும் பல மணிகள் நின்றால் மேலும் ஒரு தேக்கரண்டி நீர் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். மாறாகப் பூ சிறுத்துக் கெட்டியாக வந்தால், மணிகளைத் தட்டில் பரப்பி ஒரு நாள் காற்றாட விடுங்கள். பூசணம் தென்பட்டால் ஆய்வு வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

உங்கள் முதல் முயற்சியைக் கெடுத்தது ஈரமன்று, அந்தப் பாக்கெட்டின் அமைப்பு. மைக்ரோவேவ் உறைக்குள் மணிகளோடு கெட்டிக் கொழுப்பும் உப்பும், பல வகைகளில் சர்க்கரையோ பால்பொடி கலந்த சுவைத்தூளோ இருக்கும். உறையின் அடியில் உலோகப் பூச்சுள்ள ஒரு பட்டை உண்டு. மைக்ரோவேவ் அலைகளை வாங்கிச் சூடாகி, மணிகளுக்கு அடியில் ஒரு சிறிய தோசைக்கல்லைப்போல வேலை செய்வது அதுதான். இதை நம்பி வடிவமைத்த கலவையைப் பாத்திரத்தில் கொட்டினால், சர்க்கரையும் பால்பொடியும் மணி 180-ஐ எட்டும் முன்பே பழுப்பேறிப் பிறகு கருகத் தொடங்கும். உப்பு மட்டும் சேர்த்த பாக்கெட் என்றால் அடிகனமான பாத்திரத்தில், மிதமான தீயில், கை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம். சுவையூட்டிய வகை என்றால் மைக்ரோவேவ் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுவதே நல்லது. உறையை அப்படியே அடுப்பின் மேலோ வாணலியிலோ வைப்பதை மட்டும் நினைக்கவே வேண்டாம். அது காகிதம், எண்ணெய் ஊறிய காகிதம்.

இப்போது பாத்திரம். அடி தடிமனாக, உயரமாக, நான்கு லிட்டர் கொள்வதாக ஒன்று போதும். இரும்பா, அலுமினியமா, அடியில் வேறு உலோகம் பதித்த எவர்சில்வரா என்பது இரண்டாம்பட்சம். தடிமன்தான் முக்கியம், ஏனெனில் அதுதான் தீயின் சூட்டை ஓரம்வரை பரப்புகிறது. இதில் 60 கிராம் மணிகள், அதாவது சுமார் ஐந்து மேசைக்கரண்டி, போடுங்கள்; ஏறக்குறைய 400 மணிகள் வரும். நல்ல மணி ஒரு கிராமுக்கு 40 மில்லி அளவுக்கு விரியும் என்பதால் இது இரண்டு லிட்டரைத் தாண்டிய பூவாகும். பாத்திரத்தில் பாதிக்குச் சற்று மேல் நிறைந்து, மீதி வெற்றிடமாக இருக்கும். குலுக்கும்போது பூ மேலே போகவும் மணி கீழே இறங்கவும் அந்த இடம் வேண்டும். அடியில் மணிகள் ஒரே அடுக்காக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். ஆட்கள் கூடுதலாக இருந்தால் இரண்டு ஈடாகப் பொரியுங்கள்.

எண்ணெய் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. உருண்டையான மணி காய்ந்த பாத்திரத்தை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது; அந்தப் புள்ளி தீய்ந்து, மறுபுறம் குளிர்ந்து கிடக்கும். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பிச் சூட்டை நாற்புறமும் கொண்டு சேர்க்கிறது. 60 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் தேவையில்லை. ஒன்றுக்குக் கீழே போனால் பயன் குறைந்துவிடும். எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியும் புகையாததாக இருக்க வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெய், சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய், நெய் மூன்றும் இதற்கு ஒத்துவரும். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் மணம் அருமை, ஆனால் 175 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்குவதால் தீயை அடக்கி வைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். வெண்ணெயில் பொரிக்கக் கூடாது. அதிலுள்ள பால் பகுதி மணி வெடிப்பதற்கு முன்பே கருகிவிடும்.

செய்முறைக்கு வருவோம். பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி, நடுத்தரத் தீயில் வைத்து, மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, இந்த மூன்று மணிகள்தான் உங்கள் வெப்பமானி. மூன்றும் வெடித்துவிட்டால் எண்ணெய் 180-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, மீதி மணிகளைக் கொட்டி, ஒரு முறை சுழற்றி, மூடி வைத்து முப்பது வரை எண்ணுங்கள். இந்த அரை நிமிடத்தில் எண்ணெய் சற்றே தணிய, மணிகள் எல்லாம் வெடிக்கும் வெப்பத்துக்குக் கீழே ஓரிடத்தில் ஒன்றாக வந்து சேரும். பிறகு மீண்டும் அடுப்பில் ஏற்றினால் முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் இடையிலான காலம் சுருங்கிவிடும். கருகலும் பொரியாமையும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து வருவதற்கு எதிராக நான் கண்ட வழிகளில் இதுவே சிறந்தது. வேறு எதைச் சோம்பலால் விட்டாலும் இந்த அரை நிமிடத்தை விட வேண்டாம்.

மீண்டும் அடுப்பில் ஏற்றியதும் சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒன்று, இன்னொன்று, அதன்பின் படபடவென்று மூடியில் அறைபடும் ஓசை. இந்த நேரம் முழுவதும் பாத்திரத்தைத் தூக்காமல் அடுப்பின் மேலேயே முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருங்கள். தூக்கினால் சூடு விட்டுப்போகும். மூடியை ஒரு விரல்நுனி அளவு ஒரு பக்கம் திறந்து வையுங்கள். படபடப்பு தளர்ந்து, ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நொடி இடைவெளி விழுந்தால் தீயை அணைத்து, உடனே அகலமான வேறு பாத்திரத்தில் கொட்டிவிடுங்கள். கடைசி பத்து மணிகளுக்காகக் காத்திருப்பவர், பொரிந்த நானூறில் ஐம்பதைக் கருகவிடுகிறார். தீயின் அளவில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு: மிகவும் குறைத்தால் மணி மெல்லச் சூடாகி, காம்பு முனை வழியே நீராவி கசிந்து, அழுத்தம் எழாமலே போகும், மிகவும் கூட்டினால் உள்மாவு முழுதும் இளகுவதற்குள் தோல் கிழிந்து, நடுவில் கெட்டியான பூ வரும்.

மூடியைச் சற்றுத் திறந்து வைக்கச் சொன்னதில்தான் உங்கள் ரப்பர் பிரச்சினைக்கு விடை இருக்கிறது. 60 கிராம் மணிகளில் 8 கிராமுக்குச் சற்று அதிகமாக நீர் உண்டு. அதில் 6 கிராம் வெளியேறினாலே அது 10 லிட்டர் நீராவி. நான்கு லிட்டர் பாத்திரத்தை இறுக மூடி வைத்தால் அந்த ஆவி எங்கே போகும்? மூடியில் நீராகப் படிந்து, மொறுமொறுப்பாகப் பிறந்த பூவின்மேலேயே சொட்டும், மீதியைப் பூவே உறிஞ்சிக்கொள்ளும். பொரிந்தவுடன் நமத்துப்போன பூ என்பது அதுதான். கண்ணாடி மூடியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: இறுக மூடியிருந்தால் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து வழியும், விளிம்பில் சிறிது இடைவெளி விட்டதும் ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடி தெளிந்துவிடும். கொட்டிய பிறகும் பூவைக் குவியலாக மூடி வைக்காமல் இரண்டு நிமிடம் பரப்பி வைத்தால் எஞ்சிய ஆவியும் பறந்துவிடும்.

குக்கரைப் பற்றி: அதன் பாத்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அடி தடிமனாக இருப்பதால் மிக நன்றாகவே பொரியும். அதன் மூடியைப் பயன்படுத்தாதீர்கள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடினால் ஆபத்தில்லை என்று பலர் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த மூடியைக் கையால் சற்றுத் திறந்து வைக்கவோ, நினைத்த நொடியில் எடுக்கவோ முடியாது. பூவிலிருந்து பறக்கும் தோல் சிதறல்கள் நீராவிக் குழாயில் புகுந்து அடைத்துக்கொள்ளும், அடுத்த நாள் அதே மூடியில் சமைக்கும்போது அந்த அடைப்பு உங்களுக்கு நினைவிருக்காது. கேஸ்கெட்டோடு மூடுவதும், தண்ணீர் இல்லாமல் எண்ணெயோடு அழுத்தம் ஏற்றுவதும் கண்டிப்பாகக் கூடாதவை. ஒரு தட்டையான தட்டை மேலே வைத்தால் போதும். உள்ளே அழுத்தம் இருக்க வேண்டியது மணிக்குள், பாத்திரத்துக்குள் அன்று.

நான்ஸ்டிக் பாத்திரம் என்றால் வெறுமையாகச் சூடேற்றாமல் எண்ணெயோடு தொடங்குங்கள். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைந்து தீய புகையை விடும். மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பில் மெல்லிய பாத்திரம் நொடியில் சூடேறிவிடும் என்பதால் நடு அளவுக்கு மேல் போகாதீர்கள். ஓவனிலும் மணி பொரியும், ஆனால் முதலில் மலர்ந்தவை கடைசி மணிக்காகக் காத்திருந்து காய்ந்துவிடுகின்றன. அந்த வேலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எண்ணெயே வேண்டாம் என்பவர்களுக்குச் சூடான கல் உப்பில் வறுப்பது பழைய வழி. எண்ணெயைப்போலவே உப்பும் மணியைச் சுற்றிச் சூட்டைக் கொடுக்கிறது. பொரிந்ததைச் சல்லடையில் சலித்தெடுக்க வேண்டும், சற்று உப்புக் கரிக்கும்.

உப்பு எப்போது சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மணியோடு சேர்த்தால் பூ கெட்டியாகிவிடும் என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். பொரிக்கும் இயந்திரங்களில் உப்பை எண்ணெயோடு சேர்த்தே போடுகிறார்கள், அங்கே அப்படி ஒன்றும் நேர்வதில்லை. இரண்டு விதமாகவும் பொரித்துக் கண்ணை மூடித் தின்று பார்த்ததில் எனக்கு வேறுபாடு பிடிபடவில்லை. இது என் நாக்கின் தீர்ப்பு மட்டுமே, ஆய்வு முடிவன்று. வீட்டில் பின்னால் போடச் சொல்வதற்குக் காரணம் வேறு: எண்ணெயில் போட்ட உப்பு அடியில் தங்கிவிடுகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது உப்பின் பருமனைப் பற்றித்தான். தூளுப்பும்கூடப் பூவின் மேல் நிற்காமல் கீழே உதிரும். மிக்சியில் ஒரு சுற்று விட்டு மாவுபோல ஆக்கி, பூ சூடாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும் அந்த முதல் நிமிடத்தில் தூவினால் பாதி உப்பே போதும்.

வெண்ணெய் ஊற்ற விரும்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வெண்ணெயில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீர். உருக்கிய வெண்ணெயை அப்படியே ஊற்றினால், நீராவி போகட்டும் என்று திறந்து வைத்துக் காப்பாற்றிய மொறுமொறுப்பை நீங்களே நனைத்துவிடுகிறீர்கள். சலசலப்பு அடங்கும்வரை உருக்கி, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள், அல்லது நெய்யையே ஊற்றுங்கள். இனிப்புப் பூ வேண்டுமானால் சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சிக் கலப்பதே எளிது.

கவனிக்க வேண்டிய சில. மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். தாமதமாக வெடிக்கும் மணி ஒன்று எப்போதும் இருக்கும். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்மையானது. வாங்கிய மணிகளைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். திறந்த பொட்டலத்தை ஃபிரிட்ஜில் வைப்பது அதை மேலும் உலர்த்தவே செய்யும்.

இத்தனையும் செய்தும் சரிவரவில்லை என்றால், குறை மணியிலா அடுப்பிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கூடத்தில் நாள்தோறும் செய்தது. சரியாக 100 மணிகளை எண்ணி, மேலே சொன்னபடி பொரித்து, அடியில் நின்றவற்றை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். நான்கைந்து நின்றால் அது இயல்பு. அதற்கு மேல் என்றால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்த அதே மஞ்சளும் பளபளப்பும் மாறாமல் இருந்தால் அந்த மணிக்குச் சூடு போய்ச் சேரவில்லை. குறை பாத்திரத்தில் அல்லது கையசைப்பில். தோல் கருத்து, முழு உருண்டையாகவே இருந்தால் சூடு போயிருக்கிறது, ஈரம் இல்லை. பாட்டிலும் ஒரு கரண்டி நீரும் வேலை செய்யும். ஒரு பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடுபோல வாய் பிளந்து நின்றுவிட்டிருந்தால் தோலில் முன்பே கீறல் இருந்திருக்க வேண்டும்; அந்த மணிகளை வேறு இடத்தில் வாங்கிப் பாருங்கள். இந்த மூன்று வகையிலும் எத்தனை எத்தனை என்று எண்ணி, உங்கள் பாத்திரத்தின் அடி எவ்வளவு தடிமன் என்பதையும் சேர்த்து எழுதினால், இப்போது ஊகமாகச் சொன்னதை இன்னும் திட்டமாகச் சொல்ல என்னால் முடியும்.